"அம்மா பிழைச்சிருவாங்களா டாக்டர்?"

மண்டபம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்த ஒரு அம்மா. கடல்பாசி எடுக்கப் போகிறவர். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். இவருக்குக் கிழித்தது காலில். பத்து வருடச் சர்க்கரை நோயில் பாதம் மரத்திருந்ததால் வலி தெரியவில்லை. மஞ்சளைப் பூசிக்கொண்டு மறுநாளும் கடலில் இறங்கியிருக்கிறார். மூன்றாம் நாள் காய்ச்சல், மெடிக்கலில் வாங்கிய மாத்திரை. நான்காம் நாள் இரவு 108இல் ராமநாதபுரம் வந்தபோது மூச்சு வாங்கியது, கூப்பிட்டால் அரைகுறையாகத்தான் பதில் வந்தது. காயத்துக் கிருமிக்கு உடல் காட்டும் எதிர்ப்பு நிலைதவறி, சொந்த உறுப்புகளையே கெடுக்கத் தொடங்கியிருந்தது. இதுதான் செப்சிஸ்.

ஐசியூ வாசலில் மகன் கேட்டார்: "பிழைச்சிருவாங்களா டாக்டர்? எத்தனை சதவீதம்னு சொல்லுங்க."

அதற்கு எங்களிடம் ஒரு கணக்கு உண்டு. சோஃபா மதிப்பெண் என்போம். நுரையீரல், ரத்தம் உறையும் தன்மை, கல்லீரல், ரத்த ஓட்டம், மூளை, சிறுநீரகம் ஆகிய ஆறுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 24. கூடக் கூட ஆபத்து. அந்த அம்மாவுக்கு ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 80,000, அதற்கு 2. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 2.4, அதற்கு 2. ஆக்சிஜன் குறைவுக்கு 2. பிரஷர் விழாமல் தாங்கிப் பிடிக்க நார்அட்ரினலின் மருந்து ஓடியதால் 3. மயக்கத்துக்கு 1. கல்லீரல் மட்டும் தப்பியிருந்தது. ஆக 10.

மோசம்தான். ஆனாலும் அதைச் சதவீதமாக்கி அந்தப் பிள்ளையிடம் சொல்ல மாட்டேன். இதே நிலையில் நூறு பேர் இருந்தால் ஏறத்தாழ எத்தனை பேர் இறப்பார்கள் என்பதைத்தான் அந்த எண் சொல்லும். இவர் அதில் எந்தப் பக்கம் என்பது அதற்குத் தெரியாது. முதல் நாள் எண்ணைக் கேட்டுவிட்டு, "வீட்டுக்கே கொண்டுபோறோம்" என்று முடிவெடுத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இன்றும் மனதை அறுக்கிறது.

நான் பார்ப்பது எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை. பிரசல்ஸில் நடந்து 2001இல் வெளியான ஆய்வு ஒன்றில், முதல் 96 மணி நேரத்தில் சோஃபா கூடியவர்களில் பாதிப் பேராவது இறந்தார்கள். குறைந்தவர்களில் 27 சதவீதத்துக்கும் கீழே. தொடக்க எண் எதுவாக இருந்தாலும் இந்த வித்தியாசம் இருந்தது. உறுப்புகளுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் லாக்டேட்டையும் இப்படித்தான் திரும்பத் திரும்பப் பார்ப்போம்.

"தம்பி, ரொம்பக் கஷ்டமான நிலைமைதான். மறைக்க மாட்டேன். ரெண்டு நாள் பொறுங்க, அப்புறம் இதைவிடத் தெளிவா சொல்றேன்" என்றேன். மூன்றாம் நாள் காலை எண் 6. அன்றுதான் மகனை உட்காரவைத்து நம்பிக்கையாகப் பேசினேன்.

இந்தக் கணக்கில் சேராத ஒன்று, வருவதற்கு முன் போன நேரம். பிரஷர் விழுந்து ஷாக் நிலைக்குப் போனவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்கிறோம்; நம் கரையில் காயத்தோடு மூன்று நாள் வீட்டிலேயே போய்விடுகிறது. திருக்கை முள், கெளுத்தி முள், பாறைக் கீறல் எல்லாம் இங்கே தினப்படி விஷயம் என்பதால் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற கிருமி இருக்கிறது. கல்லீரல் கெட்டவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அதன் ஒரு வகை ஓரிரு நாளிலேயே காலைக் கொப்புளமாக்கி உயிருக்கு உலை வைத்துவிடும். அதற்குத் தரும் மருந்துச் சேர்க்கையே வேறு. அதனால் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் "கடல்ல பட்ட காயம்" என்று முதலிலேயே சொல்லுங்கள். மூச்சு வேகமாவது, பேச்சில் தடுமாற்றம், கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அந்த அம்மா ஒன்பதாம் நாள் வார்டுக்கு மாறினார். இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. போகும்போது மகன் சொன்னார், வருவதற்கு முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே அம்மா சிறுநீர் போகவில்லையாம். வெயிலுக்கு அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்களாம்.