இசைத்தட்டின் கரகரப்பு உங்கள் இருவருக்கும் கேட்கிறதா?

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பதி காது பரிசோதனைக்காக என்னிடம் வந்தார்கள். கணவருக்கு 68 வயது. பணி ஓய்வுக்குப் பிறகு பழைய இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து வாங்கி, தினமும் சாயங்காலம் மனைவியோடு உட்கார்ந்து கேட்பவர். அந்த அம்மாதான் பேச்சை ஆரம்பித்தார். "தட்டு பட்பட்டுன்னு பொரியுது, ஊசியைக் கொஞ்சம் துடைங்கன்னு சொன்னா, எங்கே பொரியுது, புதுசு மாதிரி இருக்கேன்னு கேக்கிறார் மேடம்." அவரோ, "பாட்டு எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்று முடித்துக்கொண்டார்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். வயதாக ஆக, காது முதலில் இழப்பது கீச்சொலிகளை, அதாவது அதிக அதிர்வெண் கொண்ட ஒலிகளை. தட்டின் கீறலும் தூசியும் எழுப்பும் சடசடப்பு பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் உறைக்கும். பாடகரின் குரலும் தாளமும் அதற்குக் கீழே இருக்கின்றன. அதிலும் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளில் மேல் பகுதி ஒலிகள் முதலிலிருந்தே குறைவாகத்தான் பதிவாகியிருக்கும். அதனால் காது மங்கியவருக்கும் பாட்டு முழுசாகக் கேட்பது போலவே இருக்கும், இரைச்சல் மட்டும் காணாமல் போயிருக்கும். "பாட்டு கேக்குதே" என்ற அந்த நிம்மதியை நம்பிப் பலர் வருஷக்கணக்கில் தள்ளிப்போடுவதைப் பார்க்கிறேன். எனக்கு அதுதான் கவலை.

பேச்சில் இது வேறு மாதிரி வெளிப்படும். உயிரொலிகள் பலமானவை, தப்பிவிடும். மெய்யொலிகள்தான் நழுவும். 'பாட்டு' என்றாலும் 'பாக்கு' என்றாலும் ஒன்றுபோலத் தோன்றும். "சத்தம் கேக்குது, என்னன்னுதான் புரியலை" என்பார்கள். வீட்டில் அது, "நான் சொன்னா கவனிக்கவே மாட்டார்" என்ற சண்டையாக மாறும். அவர் கவனிக்காமல் இல்லை. தயவுசெய்து இதை நம்புங்கள்.

எல்பி என்ற நீண்ட நேரம் ஓடும் தட்டின் ஒரு பக்கம் ஓட ஏறக்குறைய 20 நிமிடம். திருப்பிப் போட எழுந்திருக்கும்போது ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள்: பாட்டு தொடங்கும் முன் அந்தக் கரகரப்பு கேட்டதா? இடம் மாற்றி உட்கார்ந்தும் பாருங்கள். இது பரிசோதனை ஆகாது, சின்ன அறிகுறிதான். வித்தியாசம் தெரிந்தால் ஆடியோகிராம், அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் பரிசோதனை, எடுத்துவிடுங்கள். தாழ்ந்த ஒலியிலிருந்து கீச்சொலி வரை, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் (அதிர்வெண்ணின் அளவு) வரை, ஒவ்வொரு காதாகப் பார்ப்போம், வலிக்காது. சில சமயம் காது அழுக்கு அடைத்திருப்பதுதான் காரணமாக இருக்கும். ஆனால் ஒரு காது மட்டும் திடீரென்று மங்கினால் காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது தீர்வாகாது. 80 டெசிபல் (சத்தத்தின் அளவு) என்றால் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 என்றால் வாரம் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூட்டினால் கூடவே உட்கார்ந்திருப்பவரின் நல்ல காதும் சேர்ந்து பாதிக்கப்படும்.

காது கேட்கும் கருவி தேவைப்பட்டால், இசை கேட்பதற்கென்று தனி அமைப்பு வைத்துத் தரச் சொல்லுங்கள். கருவிகளைப் பேச்சுக்காகவே சரிசெய்திருப்பார்கள். புல்லாங்குழலின் நீண்ட சுரத்தைக் கருவி தன்னிடமிருந்தே எழும் விசில் சத்தம் என்று நினைத்துக்கொண்டு குழப்பும்.

அந்தப் பெரியவர் கருவி பொருத்திய மறுவாரம் வந்தார். முகத்தில் லேசான கலவரம். "இவ்வளவு இரைச்சலோடயா இத்தனை நாளும் என்கூட உட்கார்ந்து கேட்டே?" என்று மனைவியிடம் கேட்டாராம். ஊசியை மாற்றிவிட்டார்கள்.