நெட் போனில் ஐஎஸ்டியைப் பூட்டியாச்சா, அண்ணாச்சி?

தீபாவளி, பொங்கல், ஆனித் தேரோட்டம் என்று ஆபீசைப் பூட்டிவிட்டுப் போகிற நாளில்தான் இது நடக்கிறது. ஆளில்லாத இடத்திலிருந்து விடிய விடிய வெளிநாட்டுக்குப் பேசியதாக பில் வரும். வண்ணார்பேட்டை லாட்ஜானாலும் பாளை ஆஸ்பத்திரியானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "நெட்ல போற காலுக்கு எதுக்குவே பில்லு?"

எத்தனை தடவை சொல்ல? வாட்ஸ்அப்பிலிருந்து வாட்ஸ்அப்புக்குப் பேசினால் முழுக்க நெட். ஐபி பிபிஎக்ஸிலிருந்து, அதாவது ஆபீஸ் போன்களையெல்லாம் நெட்டில் இணைக்கிற பெட்டியிலிருந்து, போன் நம்பரை அடித்தால், சிப் டிரங்க் (வெளியே பேச நெட் வழியாக வருகிற லைன்) தந்த கம்பெனியின் கேட்வே வரைக்கும்தான் நெட்; நெட்டும் போன் லைனும் சேருகிற இடம் அதுதான். அதற்கப்புறம் சாதாரண போன் கால்; எதிர்முனைக்கு என்ன ரேட்டோ அதைக் கட்டித்தான் ஆகணும். ரேட் கூடின சில நம்பர்களில் அதில் ஒரு பங்கு அந்த நம்பரை எடுத்து வைத்திருப்பவனுக்குப் போகும். திருடன் உங்கள் பெட்டிக்குள் புகுந்து தன் நம்பருக்குத் தானே அடிப்பது அந்தப் பங்குக்காகத்தான். யாரும் பேசவே வேண்டாம், லைன் திறந்திருந்தால் போதும். 30 சேனலும், அதாவது ஒரே நேரத்தில் 30 காலும், ஓடினால் ஒரு மணி நேரத்தில் 1,800 நிமிடம். நிமிடத்துக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 90,000 ரூபாய்.

உள்ளே வருவது பெரிய வித்தை இல்லை. எக்ஸ்டென்ஷன் (ஆபீசின் உள் நம்பர்) 101, பாஸ்வேர்டும் 101! கேமரா மாட்ட வந்த தம்பி ரூட்டரில் நெட் போனுக்கான வாசலான 5060 போர்ட்டையும் சேர்த்துத் திறந்துவிட்டுப் போயிருப்பார். அதை 5070 என்று மாற்றினால் மறைந்துவிடாது; வெளியூரிலிருந்து பேச வேண்டுமென்றால் விபிஎன் (நெட்டில் உங்களுக்கு மட்டுமான பூட்டிய பாதை) போடுங்கள்.

அவுட்கோயிங்கில் ஐஎஸ்டிக்கான 00-வை மொத்தமாக அடையுங்கள். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பேசுகிற கடையா, 00971, 0065 மட்டும் திறங்கள். அமெரிக்காவுக்கு 001 திறக்கிறவர்கள் கவனம்: ஜமைக்காவின் 876, கிரெனடாவின் 473 எல்லாம் அதே 1-க்குள்தான் இருக்கின்றன, தனித்தனியாக அடைக்கணும். பிரிட்டனுக்கு 0044 திறந்தால் 00449, 004487, 004470 மூன்றையும் அடையுங்கள். 00449 என்பது அந்த ஊரின் 09; அந்த நம்பருக்கு அங்கேயே நிமிடத்துக்கு 3.60 பவுண்ட் வரை சேவைக் கட்டணம் வைக்கலாம். பல நெட் போன் கம்பெனிகள் அதை இணைப்பதே இல்லை; அந்த நம்பிக்கையில் இருந்துவிடாதீர்கள். சாட்டிலைட் போனின் 00881, கூடவே 00882, 00883 உங்களுக்கு எதற்கு?

ஐஎஸ்டிக்கு ஒரே நேரத்தில் ஒரு கால் போதும். பிரீபெய்டு வைத்து, ஆட்டோ ரீசார்ஜை நிறுத்துங்கள். வாய்ஸ்மெயில் பின் 1234 வேண்டவே வேண்டாம். அதன் வழியாகவும் வெளியே அடிக்க முடியும்.

நடந்துவிட்டால் முதலில் டிரங்கைத் துண்டியுங்கள், கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், சைபர் மோசடிப் புகார் நம்பரான 1930-க்குச் சொல்லுங்கள். தயவுசெய்து பெட்டியை ரீசெட் செய்துவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள். கால் பதிவுகள் போய்விட்டால் எதை வைத்து வாதாட?