பஸ்ஸில் போட்ட டிக்

தலைமையாசிரியராக ஒரு வகுப்பைப் பார்க்கப் போனால், கரும்பலகையை நான் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து பக்கத்துப் பிள்ளையின் நோட்டை வாங்கிப் புரட்டுவேன். அப்படி ஒருநாள் புரட்டிய கணக்கு நோட்டில் 52 − 27 = 35 என்று இருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் டிக். அடுத்த பக்கத்தில் 61 − 38 = 37. அதற்கும் டிக். அந்தப் பிள்ளை கடன் வாங்கவே இல்லை. மேலே இருந்தாலும் சரி, கீழே இருந்தாலும் சரி, பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்துக்கொண்டே போயிருக்கிறது. தேதிகளைப் பார்த்தால் மூன்று வாரக் கணக்கு.

"இதையெல்லாம் எப்போ திருத்தினீங்க டீச்சர்?" என்று கேட்டேன்.

"பஸ்ஸில் வரும்போது சார்" என்றார். பொய் சொல்லத் தெரியாதவர்.

கண்டித்து ஒரு குறிப்பாணை கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் பொறுப்பில்லாதவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் அவருடைய கால அட்டவணையை எடுத்து உட்கார்ந்தேன். நாளுக்கு எட்டுப் பாடவேளை, அதில் ஏழு வகுப்பு. மிச்சமிருக்கும் ஒன்றில், அன்றைக்கு யார் வரவில்லையோ அவருடைய வகுப்பையும் இவர்தான் பார்க்க வேண்டும். அதையும் நானேதான் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். 45 நோட்டு, ஒன்றுக்கு இரண்டே நிமிடம் என்று வைத்தாலும் ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு அவருடைய நாளில் இடமே இல்லை. வீட்டில் திருத்தலாமே என்றால், மாலையில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். வாங்குவது தொகுப்பூதியம். அதுவும் சில சமயம் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வரும். டியூஷனை விட்டால் வாடகைக்கு வழியில்லை.

அப்போ சம்பளத்தைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடுமா? இந்தோனேசியாவில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். 2005இல் வந்த ஆசிரியர் சட்டத்தின்படி, சான்றளிப்பு பெற்ற ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான படி கிடைத்தது. 360 பள்ளிகளை எடுத்து, சிலவற்றில் மட்டும் ஆசிரியர்களுக்கு இது முன்கூட்டியே கிடைக்கும்படி செய்து ஆய்வு நடத்தினார்கள். அதன் முடிவு 2018இல் வெளியானது. இன்னொரு வேலை பார்க்கும் ஆசிரியர்கள் குறைந்தார்கள், பணக் கவலையும் குறைந்தது. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் பிள்ளைகளின் மதிப்பெண்ணில் வித்தியாசம் தெரியவில்லை.

இதைக் காட்டி, ஆசிரியருக்குச் சம்பளம் ஒரு பொருட்டே இல்லை என்று பேசுகிறவர்களும் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த ஆய்வு பார்த்தது ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களை. கணக்கில் கெட்டிக்காரியான ஒரு பெண் கல்லூரி முடித்ததும் இந்த வேலைக்கு வருவதா, வேறு பக்கம் போவதா என்று யோசிப்பாளே, சம்பளம் பேசுவது அங்கேதான். அதன் பலன் தெரிய ஒரு தலைமுறை ஆசிரியர்கள் மாற வேண்டும்.

சரி, வேலை நிலைமை? அதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே 1971இல் ஒரு சட்டம் போட்டார்கள். அரசுப் பள்ளி ஆசிரியருக்குக் கூடுதல் நேர ஊதியம் கிடையாது, அதற்குப் பதிலாகச் சம்பளத்தில் 4 சதவீதம் சேர்த்துக் கொடுப்பது. 1966இல் எடுத்த கணக்கில் கூடுதல் வேலை மாதத்துக்கு எட்டு மணி நேரம்போல இருந்தது, அதை வைத்து முடிவான 4 சதவீதம் அது. வேலை வளர்ந்தது, 4 மட்டும் அப்படியே நின்றது. வளர்ந்த நாடுகள் பலவும் சேர்ந்த ஓஇசிடி என்ற அமைப்பு 2018இல் நடத்திய சர்வதேச ஆசிரியர் கணக்கெடுப்பில் ஜப்பானின் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைத்தார்கள். பாடம் நடத்தியது அதில் 18 மணி நேரம். மீதியெல்லாம் பாடத் தயாரிப்பு, மாணவர் கிளப், கூட்டம், காகிதம், திருத்தம் போன்றவை. 2000இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலை ஒன்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் போட்டி போட்டார்கள், 2020இல் மூன்று பேர்கூட இல்லை. மூத்தவர்கள் கூட்டமாக ஓய்வு பெற்றதால் அதிக ஆட்களை எடுக்க வேண்டியிருந்தது என்பதும் ஒரு காரணம்தான். ஆனாலும் மூன்றில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது வேறு, பன்னிரண்டில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது வேறு. அந்த 4 சதவீதத்தைப் படிப்படியாக 10 ஆக்க 2025இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள்.

தற்காலிக ஆசிரியர் நடுவில் போய்விடுவதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எங்களிடம் ஒரே ஆண்டில் அறிவியலுக்கு மூன்று பேர் வந்தார்கள். மூவருமே முதல் பாடத்திலிருந்து தொடங்கினார்கள். பிள்ளைகளுக்கு முதல் பாடம் மனப்பாடம், கடைசி நான்கு பாடங்களைப் பார்க்கவே இல்லை.

அந்தக் கணக்கு டீச்சருக்கு என்னால் முடிந்தது கொஞ்சம்தான். ஒரே விவரத்தை மூன்று பதிவேட்டில் எழுதுவதை ஒன்றாக்கினேன். வாரத்தில் மூன்று நாள் அவருடைய காலிப் பாடவேளையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினேன். மற்ற ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள், அவர்கள் சுளித்ததிலும் நியாயம் இருந்தது. ஒரு மாதம் கழித்து அதே நோட்டை வாங்கிப் பார்த்தேன். டிக் குறைந்திருந்தது. 43 − 18 என்ற கணக்கில் 4 அடிக்கப்பட்டு மேலே 3, பக்கத்தில் டீச்சரின் கையெழுத்தில் 'இங்கே கடன் வாங்கு'. அதற்குக் கீழே பிள்ளை தானாகப் போட்ட ஐந்து கணக்கு, நான்கு சரி.

அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் அவர் ஒரு கணக்கு அலுவலகத்தில் சேர்ந்துவிட்டார். மாதம் பிறந்தால் முழுச் சம்பளம் வருகிற வேலை. ராஜினாமா கடிதத்தோடு, திருத்தி முடித்த 45 நோட்டுகளையும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.