செல்ஃப் அடிப்பதை நிறுத்திவிட்டு, முதலில் கேளுங்கள்

பழைய கார் கிளம்பவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பலர், வருவதற்குள் புது பேட்டரி மாட்டியிருப்பார்கள். சிலர் ஸ்பார்க்குக்கு அதிக வோல்ட்டேஜ் தரும் காயிலையும் மாற்றியிருப்பார்கள். காசு போயிருக்கும், கோளாறு அப்படியே இருக்கும்.

எதையும் கழற்றும் முன் ஒருமுறை சாவியைத் திருப்பி, சத்தத்தைக் கேளுங்கள். இன்ஜின் திணறித் திணறிச் சுற்றுகிறதா, நன்றாகச் சுற்றியும் பிடிக்காமல் இருக்கிறதா? இரண்டுக்கும் தேட வேண்டிய இடம் வேறு.

திணறினால் மல்டிமீட்டரை எடுங்கள். சில மணி நேரம் சும்மா நின்ற 12 வோல்ட் பேட்டரி, முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான். சார்ஜ் முழுதாக இருந்து, செல்ஃப் அடிக்கும்போதும் 10 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கிறது, ஆனாலும் மோட்டார் இழுக்கவில்லையா? அப்படியானால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம், கரண்ட் பெரும்பாலும் வழியிலேயே தொலைகிறது. நான் முதலில் சந்தேகப்படுவது பேட்டரியின் ஒரு முனையை பாடியோடும் இன்ஜினோடும் சேர்க்கும் எர்த் ஒயரைத்தான். வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும்; போல்ட்டுக்கு அடியில் துருவும் பெயிண்ட்டும் சேர்ந்திருக்கும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும், மற்றதை இன்ஜினின் சுத்தமான உலோகத்திலும் வைத்து, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்புகளைக் கழற்றி, தேய்த்து, இறுக்குங்கள். பெரும்பாலும் செலவே இருக்காது. ஒரு எச்சரிக்கை: 1960கள் வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். அதைப் பார்க்காமல் பேட்டரியையோ ஜம்ப் கேபிளையோ மாட்டாதீர்கள்.

நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் ஸ்பார்க்கைப் பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியில், காயிலின் கரண்டை விட்டுவிட்டுத் துண்டித்து ஸ்பார்க் வரவைக்கும் பிளாட்டினம் பாயிண்ட் முகத்தில் மெல்லிய படலம் படிந்துவிடும். சுத்தம் செய்து இடைவெளியைச் சரிபார்த்தாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். பல கார்களில் இந்த இடைவெளி 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், உங்கள் காரின் கையேட்டில் உள்ளதை வையுங்கள். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை இன்ஜின் பிடித்து, கையை விட்டதும் அணைந்தால், காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் பேலாஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டிகளில் முதலில் அதைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது காயிலுக்கு வேறு வழியில் கரண்ட் போகும். கையை விட்டதும் ரெசிஸ்டர் வழியாகத்தான் போயாக வேண்டும்.

ஸ்பார்க் சரி, அப்புறம் பெட்ரோல். நெடுநாள் நின்றால், பெட்ரோல் தேங்கும் கார்பரேட்டர் கிண்ணம் வற்றிவிடும். மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் சுற்றினால்தான் இழுக்கும் என்பதால், நிரம்பக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்காக விடாமல் செல்ஃப் அடிக்காதீர்கள். பத்து விநாடி அடித்தால் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள், இல்லாவிட்டால் மோட்டார் சூடாகிக் கருகிவிடும்.

தயவுசெய்து கார்பரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றாதீர்கள். இன்ஜின் கார்பரேட்டர் வழியாகத் திருப்பி வெடித்தால் (பேக்ஃபயர்) தீ நேரே மேலே வரும், முகம் அங்கேதான் குனிந்திருக்கும். பெட்ரோல் ஹோஸையும் கையால் வளைத்துப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும். வெடிப்போ கசிவோ தெரிந்தால், எத்தனால் தாங்கும் புது ஹோஸ் போடும்வரை சாவியைத் தொடாதீர்கள்.