சர்வர் குடிக்கும் தண்ணீர்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், ஆபீஸ் மாடியில இருக்கிற சர்வரை கொலொகேஷன்ல வைக்கச் சொல்றாங்க. மூணு இடத்துல கொட்டேஷன் வாங்கிட்டேன். மூணுலயும் பாதுகாப்பு, பசுமைன்னுதான் இருக்கு. எதை வெச்சு முடிவு பண்றது?"

கொலொகேஷனை நம் ஊர்க்காரருக்கு விளக்குவது சுலபம். புளி மூட்டைகளை கோல்டு ஸ்டோரேஜில் போட்டுவைக்கிறோம் இல்லையா? புளி நம்முடையது, கட்டடமும் குளிரும் காவலும் கிடங்குக்காரருடையது. இங்கே மூட்டைக்குப் பதில் சர்வர், கிடங்குக்குப் பதில் டேட்டா சென்டர். சர்வரை அடுக்கும் இரும்பு அலமாரியான ரேக்குக்கும் அது இழுக்கும் மின்சாரத்துக்கும் வாடகை.

தூரத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரை 5 மைக்ரோ வினாடியில் கடக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை சுமார் 250 கிலோமீட்டர், போய்வர 2.5 மில்லி வினாடி. பெங்களூரு என்றால் இன்னும் குறைவு. கேபிள் சுற்றிப் போனாலும் கண் இமைப்பதற்குள் வேலை முடிந்துவிடும். அடுத்தது, நின்றுபோகாமல் ஓடும் தரம். அதை 'டியர்' 1 முதல் 4 வரை படிகளாகப் பிரிக்கிறார்கள். 'டியர் 3' என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 1.6 மணி நேரம் நின்றுபோகலாம் என்று கணக்கு; டியர் 4 என்றால் 26 நிமிடம். மாங்கூழ் ஆலைக்கு டியர் 3 தாராளம்.

பாதுகாப்பில் கைரேகைக் கதவைக் காட்டி அசத்துவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. உங்கள் ரேக்கின் சாவி யாரிடம் இருக்கிறது? நேற்றிரவு யார் திறந்தார்கள் என்ற பதிவை உங்களுக்குக் காட்டுவார்களா? தீப்பிடிக்கக்கூடிய பேட்டரிகள் சர்வர் அறையை ஒட்டி இருக்கின்றனவா, தனிச் சுவருக்குப் பின்னாலா? 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒரு டேட்டா சென்டர் கட்டடமே எரிந்து போனது. பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். ஆகவே பேக்கப் வேறு ஊரில் இருக்கட்டும். சர்வருக்குள் ஊடுருவல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022-லேயே உத்தரவு இருக்கிறது; அதை யார் செய்வது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். (ஆயுதபூஜைக்கு சர்வருக்குப் பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. விபூதி தூவுவதை மட்டும் விட்டுவிடலாம். விசிறி அதை அப்படியே உள்ளே இழுத்து சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கின் இடுக்கில் அடைத்துவிடும்.)

சரி, பசுமைக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

சர்வருக்குள் போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 100 கிலோவாட் சர்வர் அறை என்பது, வெந்நீர் போடும் 1 கிலோவாட் ஹீட்டர்கள் நூறு ராப்பகலாக ஓடும் அறை. அந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? பல டேட்டா சென்டர்கள் மண்பானையின் வழியைத்தான் பிடித்திருக்கின்றன.

நீரின் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நல்ல வேகத்தில் இருப்பவை மேற்பரப்பிலிருந்து தப்பித்து ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுபவை சோம்பேறிகள். வேகம்தான் வெப்பம் என்பதால் மிச்சத் தண்ணீர் குளிர்கிறது. மொட்டைமாடியில் நிற்கும் கூலிங் டவரிலும் இதேதான். சூடான தண்ணீரைத் தேன்கூடு போன்ற பிளாஸ்டிக் அடுக்குகளில் ஒழுகவிட்டு, பெரிய விசிறியால் காற்றை மேலே இழுக்கிறார்கள். கொஞ்சம் ஆவியாகப் போகும். மீதி குளிர்ந்து கீழே விழும்.

இதில் ஒரு வேடிக்கை. 38 டிகிரி அடிக்கும் தருமபுரி மதியத்தில் ஈரப்பதம் 25 சதவீதம் என்று வையுங்கள். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றினால் அது கிட்டத்தட்ட 22 டிகிரிக்கு இறங்கிவிடும். சென்னையில் 34 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 29-க்குக் கீழே இறங்காது. பானையும் டவரும் அதிகபட்சம் அந்த அளவுக்குத்தான் குளிர்விக்க முடியும். வெயில் அதிகமானாலும் காற்று வறண்ட ஊரில்தான் பானை நன்றாக வேலை செய்கிறது! சென்னையில் என் தங்கை வீட்டுப் பானை வியர்த்து நிற்பதோடு சரி.

ஆனால் இந்தக் குளிருக்குக் கூலி தண்ணீர். ஒரு யூனிட் மின்சாரத்தின் வெப்பத்தை வெளியேற்ற ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ஆவியாக வேண்டும். நம் 100 கிலோவாட் அறை நாளுக்கு 2,400 யூனிட். அப்படியென்றால் சுமார் 3,600 லிட்டர். ஆவியாகிறவை நீர் மூலக்கூறுகள் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நம் போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கதைதான். நாலு மடங்கு செறிந்தால், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் இருந்த ஃபுளோரைடு 6 வரை ஏறிவிடலாம். பிறகு அதை வடித்து வெளியே விடுவார்கள். எங்கே? ஃபுளோரைடால் பழுப்பேறிய பற்களோடு வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒகேனக்கல்லிலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவந்த இரண்டு மாவட்டங்கள் தருமபுரியும் கிருஷ்ணகிரியும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது.

தண்ணீரே தொடாமல் ஏசி போலக் காற்றாலேயே குளிர்விக்கவும் முடியும், மின்சாரம் கூடுதலாகும். அதனால்தான் பி.யூ.இ. என்ற ஒற்றை எண்ணை நான் நம்புவதில்லை. மொத்த மின்சாரத்தை சர்வர் எடுத்த மின்சாரத்தால் வகுத்தால் வருவது அது; 1-க்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. தண்ணீரை அள்ளி ஊற்றினால் அந்த எண் அழகாகிவிடும். கூடவே டபிள்யூ.யூ.இ., அதாவது யூனிட்டுக்கு எத்தனை லிட்டர் என்பதையும் கேளுங்கள். அது நன்னீரா, சுத்திகரித்த கழிவுநீரா என்றும் கேளுங்கள். கழிவுநீர் என்றால் என் ஓட்டு அதற்குத்தான்.

நம் கடின நீரில் கூலிங் டவர் எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி மாதிரி இடங்களுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கினால் என்ன? மாநாட்டு மேடை அலங்காரத்துக்கு ஆகும் செலவில் பாதி போதும்.

ஆலைக்காரர் அனுப்பிய மூன்று கொட்டேஷனையும் பார்த்தேன். மூன்றிலும் பி.யூ.இ. தடித்த எழுத்தில் இருக்கிறது. தண்ணீரைப் பற்றி ஒன்றிலும் ஒரு வரி இல்லை. மூவருக்கும் இப்போது எழுதிக் கேட்டிருக்கிறார்.