டார்மன்சி: தமிழில் உறக்கநிலை

குளிர்காலத்தில் திராட்சைக் கொடி இலையெல்லாம் உதிர்த்து வெறும் குச்சியாக நிற்குமே, அந்த நிலைக்குப் பெயர் டார்மன்சி. உறங்குவதைக் குறிக்கும் 'தோர்மிரே' என்ற லத்தீன் வினை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து இப்படி ஆனது. டார்மிட்டரியும் அதே வேரில் முளைத்ததுதான்.

இதைச் 'செயலற்ற நிலை' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. அந்த மாதங்களில் கொடி சும்மா இருப்பதில்லை. மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது, மொட்டுக்குள் உள்ள நீரைக் குறைக்கிறது, மிச்ச நீர் பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயும் உறையாமல் பார்த்துக்கொள்கிறது. நடுக்குளிரில் பல ஐரோப்பிய வகைகளின் மொட்டுகள் ஏறக்குறைய மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் வரை தாங்குவது இந்த வேலையால்தான். 'துஞ்சல்' அழகான பழஞ்சொல். ஆனால் 'குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்' என்ற சோழ மன்னன் அங்கே தூங்கியவன் அல்ல, இறந்தவன். மொட்டு உறங்குகிறதா செத்துவிட்டதா என்று கத்தியால் அறுத்துப் பார்க்கும் விவசாயிக்கு இரண்டுக்கும் ஒரே சொல் உதவாது. 'விதை உறக்கம்' பாடநூல்களில் ஏற்கெனவே பழகிவிட்டது. ஆகவே உறக்கநிலையே சரி.

உறக்கத்தை வரவழைப்பது குறுகும் பகலும் ஏறும் குளிரும். அதில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. கோடைக் கடைசியில் மண் ஓரளவு காய்ந்தால் நுனி வளர்வது நின்று, பச்சைத் தண்டு பழுப்பேறி முற்றும். அப்போது தண்ணீரைக் கொட்டினால் கொடி வளர்ந்துகொண்டே இருக்கும். முதல் உறைபனியில் இளந்தண்டு கருகிவிடும். அதற்காக ஒரேயடியாகக் காயப்போடவும் கூடாது. தட்டுப்பாடு கடுமையானால் இலை முன்னதாகவே உதிர்ந்து, சேமிப்பு குறைந்து, கொடி வெறும் வயிற்றோடு படுக்கப் போகும். அப்புறம், காய்ந்த மண்ணில் குளிர் ஆழமாக இறங்கி வேரைத் தாக்கும். மழை குறைந்த குளிர்ப்பகுதிகளில் அறுவடைக்குப் பின், மண் உறையுமுன் வேர்ப்பகுதி நனையப் பாய்ச்சுவது இதனால்தான்.

இதோடு வரும் 'ஹார்டினஸ்' என்பதைக் 'கடினத்தன்மை' என்று எழுதுவது பிழை. குளிர்தாங்குதிறன் என்பதே பொருந்தும்.

உறக்கத்திலும் இரண்டு உண்டு. போதிய குளிர் கிடைக்கும்வரை, கதகதப்பு வந்தாலும் மொட்டு எழாது. இது அக உறக்கம். பிறகு எழத் தயாரான மொட்டு, வெளியே குளிர் என்பதால் மட்டும் அடங்கிக் கிடக்கும். இது புற உறக்கம், விழித்தபின்னும் போர்வைக்குள் கிடப்பதுபோல. இந்தக் கட்டத்தில் சில நாள் வெயில் அடித்தாலே குளிர்தாங்குதிறன் சரியத் தொடங்கும்.