மாத்திரை அலமாரியில், அப்பா நாற்காலியில்

போன வாரம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது, புராஸ்டேட் புற்றுநோய், இடுப்பெலும்புக்குப் பரவியிருக்கிறது. "வலி எப்படி இருக்கு ஐயா?" என்றேன். "பரவாயில்லை டாக்டர், சமாளிச்சுக்கிறேன்" என்றார். மகன் பெருமையாகச் சொன்னார்: "அப்பா வலின்னு வாயைத் திறந்ததே இல்லை."

கட்டிலைப் பார்த்தேன். விரிப்பில் ஒரு கசங்கல்கூட இல்லை. துருவித் துருவிக் கேட்டதில், இரண்டு மாதமாக மனிதர் படுக்கவே இல்லை என்று தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் தூக்கம், அதுவும் அரைமணி அரைமணியாக. படுத்தால் இடுப்பு குடைகிறது, வலது பக்கம் திரும்பினால் உயிர் போகிறது. மூன்று வாரத்துக்கு முன்பே எழுதிக்கொடுத்த மார்ஃபின் என்ற வலி மாத்திரை எங்கே என்று கேட்டால், அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்துவந்தார்கள். ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை. "கடைசிக்கு இருக்கட்டும்னு வெச்சிருக்கோம் டாக்டர்."

இந்த மாதத்தில் இப்படி நான் பார்க்கும் நான்காவது வீடு இது. எழுத்தில் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், "வலி இருக்கா?" என்று பெரியவர்களிடம் கேட்பதால் பெரிதாகப் பயனில்லை. இருக்கிறது என்று சொன்னால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமாகிவிடுமோ என்ற பயம், பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கிறோமே என்ற கூச்சம், வயதானால் இதெல்லாம் இருக்கத்தானே செய்யும் என்ற நினைப்பு. பலர் வலி என்ற சொல்லையே எடுக்கமாட்டார்கள். குடைச்சல், உளைச்சல், இழுக்குது, எரியுது, ஒரு மாதிரியா இருக்கு, இப்படித்தான் வரும். (எரிச்சல், ஷாக் அடிக்கிற மாதிரி என்றால் நான் நிமிர்ந்து உட்காருவேன். அது நரம்பு வலியாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு.) பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள் என்றால் மரியாதைக்காக ஐந்து என்பார்கள். அதனால் நான் கேட்பது வேறு: முன்பு செய்துகொண்டிருந்ததில் எதையெல்லாம் இப்போது விட்டுவிட்டீர்கள்?

அப்போதுதான் வரும் கதை. இந்தப் பெரியவர் மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் எழுந்து கழிவறைக்குப் போகவேண்டும், எழுவதுதான் நரகம். தண்ணீர் குறைந்ததால் மலச்சிக்கல், மலச்சிக்கலால் பசியில்லை, சாப்பிடாததால் சோர்வு, சோர்வால் நடப்பதில்லை, நடக்காததால் தொடைச் சதை கரைந்து இப்போது எழுவது இன்னும் கஷ்டம். வீட்டில் இதற்கு வைத்த பெயர் "வயசாயிடுச்சு". தினமும் சவரம் செய்தவர் தாடி வளர்க்கிறார், பேரன் மடியில் ஏறினால் சிடுசிடுக்கிறார், யாராவது பார்க்க வந்தால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்கிறார். குணம் மாறிவிட்டது என்று மருமகள் வருத்தப்பட்டார். குணம் எங்கேயும் போகவில்லை அம்மா, இரண்டு மாதம் படுக்காமல் இருந்தால் நான் உங்கள் எல்லாரையும் கடித்தே வைத்திருப்பேன்.

மறதி நோயும் சேர்ந்திருப்பவர்களிடம் கேள்வியே செல்லாது. குளிப்பாட்டும்போது, புரட்டிப் படுக்கவைக்கும்போது முகத்தைப் பாருங்கள். நெற்றிச் சுருக்கம், முனகல், கையைத் தட்டிவிடுவது, எவ்வளவு சமாதானம் செய்தும் அடங்காத அமைதியின்மை. இதையெல்லாம் "அடம்" என்று எழுதிவைத்த கேஸ் ஷீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். எழுதியவர்கள் எங்கள் ஆட்கள்தான், வெட்கமாக இருக்கிறது.

சரி, மார்ஃபினுக்கு வருவோம். அது சாகப்போகிறவர்களுக்கான மருந்து இல்லை. வலி இருக்கிறவர்களுக்கான மருந்து. கடைசிக்கு எடுத்துவைக்கவேண்டிய அவசியமே கிடையாது, வைத்தால் வட்டி எதுவும் சேராது. இப்போதே பயன்படுத்தினால் பிறகு வேலை செய்யாது என்கிறீர்கள். வலி கூடினால் டோஸைக் கூட்டலாம், இதற்குமேல் போனால் பலனில்லை என்று மார்ஃபினுக்கு ஒரு நிலையான உச்சவரம்பு கிடையாது. வலி குறைந்தால் டோஸைக் குறைக்கலாம். எலும்பு வலிக்கு ஒரே தடவை கதிர்வீச்சு கொடுத்தபின் பாதியாகக் குறைத்தவர்கள் இருக்கிறார்கள், படிப்படியாக நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். அடிமையாகிவிடுவார் என்கிறீர்கள். திடீரென்று நிறுத்தினால் உடம்பு படுத்தும், உண்மை. ஸ்டீராய்டையும்தான் திடீரென்று நிறுத்தக்கூடாது, அதற்காக அதைப் போதை என்கிறோமா? போதைக்கு அலைவது வேறு விஷயம், சரியான அளவில் வலிக்காக எடுக்கும் பெரியவர்களிடம் அது அபூர்வம். குடிப்பழக்கம், போதைப் பழக்கம் முன்பு இருந்திருந்தால் எங்களிடம் சொல்லிவிடுங்கள், கூடுதலாகக் கவனிப்போம். மூச்சு நின்றுவிடும் என்பதுதான் அடுத்த பயம். குறைந்த அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவது அதற்காகத்தான். உலக சுகாதார நிறுவனம் 1986லேயே புற்றுநோய் வலிக்கு வழி சொல்லிவிட்டது: வாய்வழியாக, கடிகாரத்தைப் பார்த்து, படிப்படியாக. நாம் இன்னும் டப்பாவுக்குள் வைத்து மூடிக்கொண்டிருக்கிறோம்.

கடிகாரம் என்றால் கடிகாரம்தான். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தால் வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். இடையில் வலி குத்தினால் போட தனி டோஸ் இருக்கும், அதையும் எத்தனை தடவை போட்டீர்கள் என்று குறித்து வையுங்கள். மலமிளக்கி முதல் நாளிலிருந்தே கூடவே வேண்டும். குமட்டலும் மயக்கமும் பெரும்பாலும் சில நாளில் அடங்கும், மலச்சிக்கல் அடங்காது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மூட்டுவலி மாத்திரையைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள், அந்த வயதில் சிறுநீரகமும் வயிறும் தாங்காது. சிறுநீரகம் ஏற்கெனவே மோசம் என்றால் சொல்லுங்கள், மார்ஃபின் உடம்பில் தேங்கும், வேறு மருந்து இருக்கிறது. ஃபென்டனில் பிளாஸ்டர் (தோல் வழியாக இறங்கும் வலி மருந்து) ஒட்டியிருந்தால் அதன்மேல் வெந்நீர்ப் பை வைக்கவே கூடாது, சூட்டில் மருந்து வேகமாக இறங்கும். குழந்தைகள் கையில் கிடைக்காமல் பூட்டி வையுங்கள், நல்லது. ஆனால் நேரத்துக்குத் திறங்கள்.

இன்னொன்று, இதில் விளையாட்டே வேண்டாம். புற்றுநோய் உள்ளவருக்குப் புதிதாக முதுகுவலி வந்து, படுத்தால் கூடுகிறது, காலில் பலம் குறைகிறது, மரத்துப்போகிறது, சிறுநீர் பிரியவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம், ஒரு நாள் தள்ளிப்போட்டால் கால் திரும்பவராமலே போகலாம். இந்தப் பெரியவரையும் முதலில் அதற்குத்தான் சோதித்தேன். நல்லவேளை, கால் உறுதியாக இருந்தது.

அன்று சாயங்காலமே டப்பா திறக்கப்பட்டது. மூன்றாம் நாள் காலை மகனிடமிருந்து போன், குரலில் பதற்றம். "டாக்டர், நைட்டு படுத்தவர் இன்னும் எழுந்திருக்கலை. டோஸ் அதிகமாயிடுச்சா?"

எழுப்பிப் பாருங்கள், மூச்சு சீராக இருக்கிறதா என்றேன். (எழுப்பியும் எழவில்லை, மூச்சு மிகவும் மெதுவாகிவிட்டது என்றால் உடனே ஆம்புலன்ஸ். மற்றபடி இரண்டு மாதத் தூக்கக் கடனை உடம்பு வசூல் செய்துகொள்ளத்தான் செய்யும்.) சற்று நேரம் சத்தமில்லை. பிறகு திரும்பி வந்தார்.

"மூச்சு நல்லா இருக்கு. எழுப்பினதுக்கு என்னைத் திட்டிட்டுத் திரும்பிப் படுத்துட்டார்."

"எந்தப் பக்கம் திரும்பினார்?"

"வலது பக்கம்."